ஒரே பெயர்க்காரிகள்

மார்ச் 2

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உறையில் பெறுநர் இடத்திலும் அனுப்புநர் இடத்திலும் ஒரே பெயர் இருப்பதைக் கண்டு தபால் நிலையத்துப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு நீங்களே போட்டுக்கறீங்களா?" என்று கேட்டாள். இல்லையென்று தலையாட்டிவிட்டு வந்தேன். வாயைத் திறந்து விளக்கியிருந்தால் அவள் மதியம் சாப்பிடப் போயிருக்க முடியாது. காரணம் கீழே வருகிறது.

ஆமாம், நம் இருவருக்கும் ஒரே பெயர். ஓர் எழுத்துக்கூட முன்னே பின்னே இல்லை. அதைக் கையெழுத்தாகப் போட்டால் நீங்களே உங்களுக்கு எழுதிக்கொண்டது போல இருக்கும் என்பதால், வேலை செய்யும் இடத்தில் என்னைக் கூப்பிடும் பெயரைப் போடுகிறேன். அருங்காட்சியகத்தில் நான் சிலந்திக்காரி. கீழ்த்தளத்தில் ஓர் அறை. அதில் முப்பத்தோராயிரம் கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் எரிசாராயத்தில் மிதக்கும் சிலந்திகள். சாராயம் குறைந்தால் ஊற்றுவதும், இது இன்னது என்று கண்டு சொல்வதும் என் வேலை. "என் தங்கச்சி சிலந்திக்கெல்லாம் சாராயம் ஊத்திக் குடுக்கறா" என்று என் அக்கா தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். இதுவரை ஏழு புதுச் சிலந்திகளுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன்.

புகழ்பெற்றவர்களைப் பட்டியலிடும் 'பெயர் பெற்றோர் கையேடு' உங்களிடம் இருக்கும். அதில் நம் பெயரில் நான்கு பேர். ஒன்றாம் எண், பாலம் கட்டிய பொறியாளர், காலமாகிவிட்டார். இரண்டாம் எண், செய்தி வாசிப்பாளராகிய நீங்கள். மூன்றாம் எண், ஓட்டப்பந்தய வீராங்கனை. நான்காம் எண் நான். உங்களுக்கு ஆறு வரி, எனக்கு ஒன்றரை. அதில் எனக்குக் குறையே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் திக்குவாய். மற்ற சொற்களைச் சமாளித்துவிடுவேன். 'தண்ணீர்' வராவிட்டால் 'குடிக்க ஏதாவது' என்று சுற்றிக்கொண்டு போவேன். ஆனால் சொந்தப் பெயருக்கு மாற்றுச் சொல் ஏது? நம் பெயரின் முதல் எழுத்து உதட்டை மூடித் திறக்க வேண்டிய எழுத்து. எனக்கு மூடும், திறக்காது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, வங்கி, எங்கே போனாலும் அக்காதான் முந்திக்கொண்டு என் பெயரைச் சொல்வாள். எனக்கு நாற்பத்தொரு வயதாகிறது, இன்னமும் சொல்கிறாள்.

இருபத்திரண்டு வருஷங்களுக்கு முன் ஒரு மாலை, ஏழு மணிக்கு வானொலியில் "செய்திகள். வாசிப்பது" என்று தொடங்கி நீங்கள் நம் பெயரைச் சொன்னீர்கள். நான் விளையாட்டாக உங்களோடு சேர்ந்து சொன்னேன். முழுசாக வந்துவிட்டது! தனியாகச் சொன்னால் வராதது, உங்களோடு சேர்ந்தால் வருகிறது. அன்றிலிருந்து நாளுக்கு ஒரு தடவை, ஏழு மணிக்கு, என் பெயரை என் வாயால் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் விடுப்பில் போகும் நாட்களில் எனக்குப் பெயர் இல்லை.

இதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அதைவிடப் பெரிய நன்றி ஒன்று பாக்கி இருக்கிறது. கையேட்டில் உங்களைப் பற்றிய நான்காவது வரி: "சிறு வயதில் தம் பெயரைச் சொல்லவே திக்கியவர், பழகிப் பழகி அதை வென்றவர்." ஒன்பது வருஷம் முன்பு இதைப் படித்த அன்று நூலகத்திலேயே அழுதுவிட்டேன். அதே பெயர், அதே எழுத்து, அதைத் தாண்டி ஒருத்தி போயிருக்கிறாள்! ஒரு பிரதி வாங்கி அந்த வரியைக் கத்தரித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

அந்தத் தைரியத்தில்தான் ஒரு உதவி கேட்கிறேன். எங்கள் கீழ்த்தளத்தை வாகனம் நிறுத்தும் இடமாக்கப் போகிறார்கள். புட்டிகளை எங்கோ ஒரு கிடங்குக்கு அனுப்புவார்களாம். சாராயம் ஊற்ற ஆள் இல்லாவிட்டால் நான்கு வருஷத்தில் எல்லாம் காய்ந்து தூளாகிவிடும். ஏப்ரல் 14 அன்று ஒரு குழு எங்கள் தரப்பைக் கேட்கிறது. விதி இது: மனுதாரர் நேரில் வந்து, பெயரைச் சொல்லி, தாமே பத்து நிமிடம் பேச வேண்டும், எழுதிக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். எங்கள் இயக்குநர், "நீங்க போனாத்தான் சரி. அந்தப் பூச்சியைப் பத்தி வேற யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டார். சிலந்தி பூச்சி இல்லை என்பதைக்கூட அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

ஆறு வாரம் இருக்கிறது. நீங்கள் எப்படி வென்றீர்கள்? எனக்குச் சொல்லித் தருவீர்களா?

என்றும் நன்றியுள்ள,
சிலந்திக்காரி

பி.கு. பென்சிலில் எழுதியதற்கு மன்னிக்கவும். சாராயத்தில் மை கரைந்துவிடும் என்பதால் எங்கள் அறையில் பேனா கிடையாது. கைக்கு அதுவே பழக்கம்.


மார்ச் 9

அன்புள்ள தங்கைக்கு,

'அம்மா' என்று எழுதி என் வயதை ஏற்றாதீர்கள். அக்கா போதும். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு அக்கா இருக்கிறார், தெரியும். இன்னொருத்தி இருந்தால் கெட்டா போகும்?

உங்கள் உறையை என் வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்தார். "ஓய்வு பெற இன்னும் எட்டு மாசம் இருக்கு, அதுக்குள்ள உனக்கு நீயே ரசிகர் கடிதம் போட ஆரம்பிச்சுட்டியா?" என்றார். படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வெயிலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன வெயிலோ.

முப்பது வருஷமாகச் செய்தி வாசிக்கிறேன். ஜனங்களுக்கு என்னிடம் வேண்டியதெல்லாம் செய்தி. மழை வருமா, விலை ஏறுமா, யார் ஜெயித்தார்கள். நடுவில் சொல்லும் என் பெயர் யாருக்காவது பயன்பட்டிருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றிவிடுகிற மாதிரி, அதைச் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். நேற்று ஏழு மணிக்கு ஒலிபரப்பு அறையில் சிவப்பு விளக்கு எரிந்ததும் உங்கள் நினைவு வந்தது. அவசரப்படாமல் சொன்னேன். சேர்ந்து சொல்லச் சௌகரியமாக இருந்ததா?

சில யோசனைகள் எழுதுகிறேன். பேசத் தொடங்குமுன் மூச்சை நன்றாக இழுத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தைப் பாட்டு மாதிரி இழுத்துப் பாருங்கள். இடது கை விரலால் தொடையில் மெதுவாகத் தட்டிக்கொண்டே சொன்னால் சிலருக்கு வருகிறதாம். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். முடியாவிட்டால் நெற்றியைப் பாருங்கள், அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, காலியான நெஞ்சோடு தொடங்குவதும் நல்லதாம். பெயருக்கு முன்னால் 'வந்து' என்று ஒரு சின்னச் சொல்லைப் போட்டுக்கொண்டால் அதன் தோளில் ஏறிப் பெயரும் வந்துவிடுமாம்.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். அதை எழுத நிறைய இடம் வேண்டும். இன்றைக்கு வேண்டாம்.

உங்கள் ஏழு சிலந்திகளுக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? அதில் ஒன்றாவது நம் பெயரா?

அன்புடன்,
அக்கா
(உங்கள் முறைப்படி, செய்திக்காரி)


மார்ச் 17

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வந்த அன்று என் அக்கா அதை மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை உங்கள் குரலிலேயே, செய்தி மாதிரி. பொறாமை கொஞ்சமும் இல்லையாம். "வானொலிக்காரங்க அக்கான்னு சொன்னதும் இந்த அக்கா கண்ணுக்குத் தெரிய மாட்டா" என்று மட்டும் சொன்னாள்.

ஏழு சிலந்திகளில் எதற்கும் நம் பெயர் இல்லை. நானே கண்டுபிடித்ததற்கு என் பெயரையே வைப்பது எங்கள் தொழிலில் அசிங்கம். வேறு யாராவது வைக்க வேண்டும்.

நீங்கள் எழுதியதையெல்லாம் கண்ணாடி முன் நின்று செய்து பார்த்தேன். மூச்சை இழுத்து, பிறகு விட்டு, தொடையில் தட்டி, என் நெற்றியையே முறைத்து, 'வந்து' போட்டேன். "வந்து வந்து வந்து" என்று அதுதான் வந்துகொண்டிருந்தது. அக்கா ஓடிவந்து, "என்னடி, உடம்புக்குள்ள எறும்பு புகுந்துடுச்சா?" என்றாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். பெயர் மட்டும் வரவில்லை.

கோபித்துக்கொள்ளாமல் ஒன்று கேட்கலாமா? முதல் பக்கத்தில் மூச்சை இழுக்கச் சொல்கிறீர்கள், அடுத்த பக்கத்தில் விடச் சொல்கிறீர்கள். ஓரிடத்தில் 'வருகிறதாம்', இன்னோரிடத்தில் 'நல்லதாம்'. தன் அனுபவத்தை யாராவது 'ஆம்' போட்டுச் சொல்வார்களா? ஒரு புட்டிக்குள் மூன்று வித அளவில் கால்கள் கிடந்தால், உள்ளே இருப்பது ஒரு சிலந்தி இல்லை, மூன்று என்று நாங்கள் எழுதி வைப்போம். உங்கள் யோசனைகளில் எனக்குக் குறைந்தது ஐந்து சிலந்திகள் தெரிகின்றன.

நீங்கள் அடக்கம் காரணமாக உங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்கலாம். தயவுசெய்து சொல்லுங்கள். உங்களுக்கு எந்த எழுத்தில் திக்கியது? எந்த வயதில் நின்றது? நின்ற அன்று எப்படி இருந்தது? குழுவின் முன் நிற்கும்போது உங்களைத்தான் நினைத்துக்கொள்ளப் போகிறேன். நினைத்துக்கொள்ள எனக்கு ஏதாவது வேண்டும். இன்னும் இருபத்தெட்டு நாள்தான் இருக்கிறது.

நன்றியுடன்,
சிலந்திக்காரி


மார்ச் 24

அன்புள்ள தங்கைக்கு,

இதை எழுத உட்கார்ந்து நான்கு காகிதம் கிழித்துவிட்டேன். நேராகச் சொல்கிறேன்.

எனக்கு எந்த எழுத்திலும், எந்த வயதிலும் திக்கியதே இல்லை. பத்து மாதத்தில் பேச ஆரம்பித்தவள் நான். என்னை வாய் மூட வைக்கத்தான் வீட்டில் பாடுபட்டார்களாம்.

கையேடு வந்த அன்று அந்த வரியைப் பார்த்துச் சிரித்தேன். 'இது நான் இல்லை, திருத்துங்கள்' என்று பதிப்பாளருக்குக் கடிதமும் எழுதி உறையில் போட்டு வைத்தேன். அதைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஒரு லாரி ஓட்டுநர் எழுதிய கடிதம் வந்தது. அவருடைய ஏழு வயது மகள், வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும் நேரத்தில் கழிவறையில் ஒளிந்துகொள்வாளாம். அந்த வரியை அவளுக்கு அவர் படித்துக் காட்டியிருக்கிறார். மறுநாள் அவள் வகுப்பில் நின்று, திக்கித் திக்கி 'உள்ளேன்' என்று சொல்லிவிட்டாளாம். "அம்மா, நீங்க நல்லா இருக்கணும்" என்று முடித்திருந்தார். அதைப் படித்த பிறகு என் கடிதத்தை எப்படிப் போடுவேன்? கிழித்தேன்.

பிறகு வந்துகொண்டே இருந்தன. இந்த ஒன்பது வருஷத்தில் இருநூற்றுப் பதினான்கு கடிதங்கள். எல்லாவற்றுக்கும் பதில் போட்டேன். ஒன்றில்கூட 'எனக்குத் திக்கியது' என்று நான் எழுதவில்லை. 'திக்கியதில்லை' என்றும் எழுதவில்லை. எதைச் சொல்லாமல் விடுவது என்பது செய்தி வாசிக்கிறவளுக்குக் கைவந்த கலை. ஒருவர் தனக்கு உதவியது என்று எழுதிய யோசனையை இன்னொருவருக்கு எழுதுவேன். நான் வெறும் தபால் பெட்டி. உங்கள் கணக்கு சரி. ஐந்து இல்லை, ஆறு சிலந்தி.

உங்கள் கேள்விகளுக்கு எதையாவது ஜோடித்து எழுதிவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். ஏப்ரல் 14 வரைக்குமாவது. ஆனால் நினைத்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று கேட்டீர்களே, அந்த இடத்தில் ஒரு பொய்யை வைத்து உங்களை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

இந்த வரி எங்கிருந்துதான் வந்தது என்று தெரிந்துகொள்ளக் கையேட்டு அலுவலகத்துக்கே போனேன். பதிப்பாசிரியர் பழைய கோப்பைத் தூசி தட்டி எடுத்தார். ஒரே பெயர் என்பதால் நம் நான்கு பேரிடமிருந்தும் வாங்கிய தகவல் தாள்களும் ஒரே ஊசியில் குத்தியிருந்தன. அவற்றில் ஒன்றில், 'சுவையான தகவல்' என்ற கட்டத்தில், பென்சிலில், நன்றாக அடையாளம் தெரிகிற கையெழுத்தில் இப்படி இருந்தது: "சிறு வயதிலிருந்தே என் பெயரைச் சொல்லத் திக்கும். இப்போது பழகிவிட்டது."

அந்தத் தாள் இரண்டாம் எண்ணுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்திருந்தது. 'பழகிப் பழகி அதை வென்றவர்' என்பது பதிப்பாசிரியர் போட்ட மெருகு. "செய்தி வாசிக்கிறவங்களுக்குத் திக்குவாய்னா வாசகருக்கு ருசியா இருக்கும்னு நெனச்சேன்" என்று தலையைச் சொறிந்தார்.

தங்கையே, ஒன்பது வருஷமாக நீங்கள் கைப்பையில் வைத்திருப்பது உங்கள் வாக்கியம்.

நான் செய்தது தவறு. உங்கள் தைரியத்தை இந்த நேரத்தில் உடைக்கிறேன் என்பது அதைவிடப் பெரிய தவறோ என்று பயமாக இருக்கிறது. அதனால் ஒரு வழி சொல்கிறேன். 14ஆம் தேதி நான் வருகிறேன். எழுத்தர் நம் பெயரைக் கூப்பிடுவார். நான் எழுந்து நிற்பேன். அடையாள அட்டையிலும் அதே பெயர். நீங்கள் எழுதிக் கொடுப்பதைப் பத்து நிமிடத்தில் வாசித்துவிடுவேன், எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான். ஆள்மாறாட்டம் என்று யார் சொல்ல முடியும்? பெயர் மாறவில்லையே! பாதி விளையாட்டாகச் சொல்கிறேன். பாதி நிஜமாகவே சொல்கிறேன். முப்பத்தோராயிரம் புட்டிகள் தப்பித்தால் சரி.

மன்னிப்பு கேட்டு,
செய்திக்காரி


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

நான்கு நாள் வானொலியைத் திறக்கவில்லை. ஏழு மணி ஆனதும் அக்கா என் முகத்தைப் பார்ப்பாள், வானொலியைப் பார்ப்பாள், சமையலறைக்குப் போய்விடுவாள்.

நீங்கள் மறைத்தீர்கள் என்பதல்ல என் கோபம். முன்னால் ஒருத்தி நடந்து போகிறாள் என்று நம்பித்தான் நான் இத்தனை வருஷம் நடந்தேன். அங்கே யாருமே இல்லை என்று இப்போது சொல்கிறீர்கள். குழுவுக்குப் போகப் போவதில்லை என்று இயக்குநருக்கு ஒரு தாள் எழுதிவிட்டேன். கொடுக்கவில்லை, எழுதினேன்.

ஐந்தாம் நாள் புட்டிகளுக்குச் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து வருகிறவர்கள் எங்கள் அறைக்குள் கால் வைத்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். "எப்படிங்க இந்த நாத்தத்துல இருக்கீங்க?" என்பார்கள். பழகிவிட்டது என்பேன். அந்தச் சொல் வாயில் வந்ததும் அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கட்டத்தில் நான் எழுதியதும் அந்தப் 'பழகிவிட்டது' தானே! திக்கு போய்விட்டது என்று நான் எழுதவில்லை. திக்கு எனக்குப் பழகிவிட்டது, இந்த நாற்றம் மாதிரி, என்று எழுதினேன். பதிப்பாசிரியருக்குப் 'பேச்சு பழகிவிட்டது' என்று கேட்டிருக்கிறது. நான் எதையும் வெல்லவில்லை அக்கா. அதோடு குடித்தனம் நடத்துகிறேன், அவ்வளவுதான். புட்டியை வைத்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன். மேல்தளத்துக் காவலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சிரித்து முடித்த பிறகு யோசித்தேன். முன்னால் யாரும் நடக்கவில்லை என்றால், இந்த ஒன்பது வருஷம் நான் நடந்ததெல்லாம் என் கால்தான். அந்தக் குழந்தை 'உள்ளேன்' என்று சொன்னது என் ஒரு வரியால். ஏழு வயதில் எனக்கு அப்படி ஒரு வரி கிடைக்கவில்லை. அவளுக்குக் கிடைத்திருக்கிறது. நீங்கள் அந்தத் திருத்தக் கடிதத்தைப் போட்டிருந்தால் கிடைத்திருக்காது. போடாததற்கு நன்றி. இதைச் சொல்ல எனக்கு ஐந்து நாள் ஆனது, ஆனாலும் மனசாரச் சொல்கிறேன். ஏழு மணி விஷயத்துக்கு என் நன்றி முன்பு போலவே இருக்கிறது. நீங்கள் திக்காமல் சொன்னதால்தானே நான் கூடச் சேர்ந்து சொல்ல முடிந்தது.

நீங்கள் வந்து பேசுவதாகச் சொன்னது. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆசைப்பட்டேன். எவ்வளவு சுலபம்! நீங்கள் பேசினால் குழு உருகிவிடும். ஆனால் எங்கள் அறையில் பெயர்ச்சீட்டைப் புட்டிக்கு வெளியே ஒட்ட மாட்டோம். வெளியே ஒட்டினால் என்றாவது உரிந்து வேறு புட்டிக்குப் போய்விடும். சிலந்தியோடு சேர்த்து உள்ளேயே போடுவோம். பெயர் எதனுடையதோ அதனோடு அது ஊற வேண்டும். ஏற்கெனவே ஒரு தாள் இடம் மாறிப் பட்டது போதும்.

நானே போகிறேன். இயக்குநருக்கு எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். நீங்கள் தயவுசெய்து வராதீர்கள். நீங்கள் எதிரில் இருந்தால் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றுவிடுவேன்.

இனிமேல் என்னை 'நீ' என்று எழுதுங்கள். இவ்வளவு பெரிய பொய்யைச் சேர்ந்து சுமந்தவர்களுக்குள் 'நீங்கள்' என்ன வேண்டியிருக்கிறது?

நன்றியுடன், கொஞ்சம் மிச்சக் கோபத்துடன்,
சிலந்திக்காரி


ஏப்ரல் 15

என் அன்புத் தங்கைக்கு,

வராதே என்றாய். வந்தேன். திட்டுவதை இக்கடிதம் முடிந்த பிறகு வைத்துக்கொள்.

கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், என் வீட்டுக்காரரின் கறுப்புக் கண்ணாடியும் தலையில் துணியுமாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அம்மாள், "கண்ணுல அறுவை சிகிச்சையா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். வாயைத் திறந்தால் குரல் காட்டிக் கொடுத்துவிடுமே! அரைநாள் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நேற்றுத் தெரிந்தது.

ஆறாவதாக எழுத்தர் நம் பெயரைக் கூப்பிட்டார். என் முழங்கால் பாதி எழுந்துவிட்டது. வாழ்நாள் பழக்கம். உன் அக்கா முன் வரிசையில் இருந்தார். அவருடைய வாயும் பாதி திறந்ததைப் பார்த்தேன். இரண்டு பேரும் அடக்கிக்கொண்டோம்.

நீ ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றாய். உதடு மூடியது. சுவர்க் கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்தது. குழுவில் ஒருவர் தாளைப் புரட்டினார், ஒருவர் கூரையைப் பார்த்தார். பன்னிரண்டு விநாடி. தலைவர் தங்கமான மனுஷர். "பரவாயில்லம்மா, பேரு எங்ககிட்ட எழுதியிருக்கு. நீங்க விஷயத்துக்கு வாங்க" என்றார். என் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. 'அப்பாடா, விட்டுவிட்டார்கள், பேசு' என்று மனசுக்குள் கத்தினேன்.

நீ தலையாட்டினாய். "இ... இல்லைங்க. பேரைச் சொ... சொல்லித்தான் பேசணும்னு விதி இருக்கு. நா... நானே சொல்றேன்."

சொன்னாய். நாற்பத்தொரு விநாடி ஆனது. தாளைப் புரட்டியவர் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். கடைசி எழுத்து வந்ததும் உன் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கறுப்புக் கண்ணாடி உதவியது.

பிறகு பேசினாயே, நின்று நின்று, விட்டு விட்டு. ஒரு சின்னப் பழுப்புச் சிலந்தி, இப்போது இந்தக் கட்டடம் நிற்கும் இடத்தில் புல்வெளி இருந்த காலத்தில் வாழ்ந்தது என்று சொன்னாய். தலைவர், "இப்போ எங்கே இருக்கு?" என்று கேட்டார். "பு... புட்டியில மட்டும்தாங்க" என்றாய். நான் எவ்வளவு அழகாக வாசித்திருந்தாலும் அந்த ஒரு பதில் என் வாயிலிருந்து அப்படி வந்திருக்காது. நான் போய் நிற்காமல் என்னைக் காப்பாற்றினாய்.

கையேட்டுக்காரர்கள் திருத்தப் பக்கம் அச்சிடுகிறார்கள். அந்த வரி நான்காம் எண்ணுக்குப் போகிறது. உன் சொற்களிலேயே, மெருகு இல்லாமல். இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் உண்மையை எழுதத் தொடங்கிவிட்டேன். திட்டு வரும் என்று காத்திருந்தேன், முதலில் வந்தது லாரி ஓட்டுநரின் மகளிடமிருந்து. இப்போது பதினாறு வயது. "உங்களுக்குத் திக்கலேன்னா பரவாயில்லை. திக்கின அந்த அக்காவோட விலாசம் குடுங்க" என்று எழுதியிருக்கிறாள். கொடுத்துவிட்டேன். இனி உன் தபால்காரருக்கு வேலை அதிகம்.

நேற்று நான்கு மணிக்கே முடிவு தெரிந்துவிட்டது. உன் அறை இருந்த இடத்திலேயே இருக்கும். உனக்குத் தொலைபேசியில் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஏழு மணிக்கு நீ வீடு திரும்பும் பேருந்தில் போய்க்கொண்டிருந்திருப்பாய், செய்தி கேட்டிருக்க மாட்டாய். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

ஆறாவது செய்தியாக அதைப் போட்டிருந்தார்கள். செய்தி ஆசிரியர் பென்சிலோடு வந்தார். "ஒரே அறிக்கையில ஒரே பேரு ரெண்டு தடவையா? கேக்கறவங்க குழம்பிடுவாங்க. 'ஓர் ஆய்வாளர்'னு மாத்திடறேன்" என்றார்.

"குழம்பட்டும். பேரை எடுக்காதீங்க" என்றேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது. "செய்திகள். வாசிப்பது" என்று சொல்லி என் பெயரைச் சொன்னேன், எப்போதும் போல அரை விநாடியில். ஐந்து செய்தி முடிந்தது. ஆறாவது: "அருங்காட்சியகத்தின் சிலந்தித் தொகுப்பு கீழ்த்தளத்திலேயே தொடர்ந்து இருக்கும் என்று குழு முடிவு செய்துள்ளது. தொகுப்பின் சார்பில் குழுவின் முன் பேசியவர், ஆய்வாளர்..."

அங்கே நம் பெயர் இருந்தது. உன் பெயர். அரை விநாடியில் அதைச் சொல்லிவிட என்னால் முடியவில்லை. முதல் எழுத்துக்கு உதட்டை மூடினேன். நீ பட்ட பாடெல்லாம் அந்த ஒரு எழுத்தில் இருந்தது. அதைத் திறந்து அடுத்த எழுத்துக்குப் போனேன், பிறகு அதற்கடுத்தது. ஐம்பத்தெட்டு வருஷமாக என்னோடு இருக்கும் பெயரில் இத்தனை எழுத்து இருப்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும், தங்கையே. உனக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப் பொறியாளர் பதறிப்போய், நான் திணறுகிறேன் என்று நினைத்து, இசையைப் போடுவதற்காகப் பொத்தானில் கை வைத்தார். வேண்டாம் என்று கையைத் தூக்கினேன். நான் திணறவில்லை. உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நன்றியுடன்,
உன் அக்கா, செய்திக்காரி